ஊதிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: இரைப்பைக் கிருமிப் பரிசோதனை அனுபவங்கள்

வெண்பனி (இழையைத் தொடங்கியவர்)

இரைப்பையில் அழற்சியும் அல்சரும் உண்டாக்கக்கூடிய எச். பைலோரி என்ற கிருமி இருக்கிறதா என்று அறிய இன்று தொண்டைக்குள் குழாய் விட்டுத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஒரு பைக்குள் ஊதிக் கொடுத்தால் போதும். அல்லது சிறிதளவு மலத்தைக் குப்பியில் கொடுத்தால் போதும். இவ்வளவு எளிய பரிசோதனை, சரியான முன்னேற்பாடு இல்லாததால் பலருக்குத் தவறான விடையைத் தந்துவிடுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மேல்வயிற்று எரிச்சலுக்காக நான் நெடுநாள் பான்டோபிரசோல் என்ற, அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரையைச் சாப்பிட்டு வந்தேன். மாத்திரை போட்டால் அடங்கும், விட்டால் நடுஇரவில் எழுப்பிவிடும். மூச்சுப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார்கள். என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று எழுதிக்கொடுத்த மருத்துவரும் கேட்கவில்லை, ஆய்வகத்திலும் கேட்கவில்லை. கிருமி இல்லை என்று முடிவு வந்தது. மன அழுத்தமாக இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வலி உண்மையாக இருக்கும்போது அப்படி ஒரு பதிலோடு வீடு திரும்புவது எவ்வளவு சோர்வு தரும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

பல மாதங்கள் கழித்து வேறொரு மருத்துவரிடம் போனேன். அந்த அறிக்கையைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “இதை எடுத்தபோது பான்டோபிரசோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களா?” ஆமாம் என்றேன். அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு விளக்கினார். ஒமிப்ரசோல், பான்டோபிரசோல், ரபிப்ரசோல் போன்ற மாத்திரைகள் கிருமியை ஒழிப்பதில்லை. ஆனால் அதன் எண்ணிக்கையையும் செயலையும் குறைத்துவிடுகின்றன. உள்ளே இருக்கும் கிருமி பரிசோதனையில் சிக்காமல் போகிறது. அந்த மாத்திரைகளை 2 வாரம் நிறுத்தியிருக்க வேண்டும். ஆன்டிபயாடிக், பிஸ்மத் கலந்த மருந்து ஏதாவது சாப்பிட்டிருந்தால் 4 வாரம் போயிருக்க வேண்டும். அவர் சொன்னபடி நிறுத்திவிட்டு மறுபடியும் ஊதினேன். கிருமி இருந்தது.

பரிசோதனையில் பயப்பட ஒன்றுமே இல்லை. வெறும் வயிற்றோடு போக வேண்டும். முதலில் ஒரு பையில் ஊதச் சொன்னார்கள். பிறகு இலேசான புளிப்புச் சுவையோடு ஒரு கரைசலைக் குடிக்கக் கொடுத்தார்கள். சுமார் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்த பின் இன்னொரு பையில் ஊதினேன். அவ்வளவுதான். கரைசலில் இருப்பது யூரியா. அதிலுள்ள கார்பன், கார்பன்-13 என்ற சற்றே கனமான வகை. எச். பைலோரி இருந்தால் தன்னிடமுள்ள யூரியேஸ் நொதியால் யூரியாவை அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்கும். அம்மோனியா, அமிலத்திலிருந்து கிருமியைக் காக்கிறது. கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக வெளியே வருகிறது. முதல் பையைவிட இரண்டாம் பையில் கார்பன்-13 போதிய அளவு கூடியிருந்தால் கிருமி இருக்கிறது என்று பொருள். அது உயிர் பிழைக்கக் கையாளும் வழியே அதைக் காட்டிக்கொடுக்கிறது.

நீங்களும் எழுதுங்கள். குறிப்பாக, மாத்திரையை நிறுத்திய அந்த நாட்களை எப்படிச் சமாளித்தீர்கள்?

நடைப்பயணி

அந்த 2 வாரம் எனக்குக் கொடுமையாக இருந்தது. நெடுநாள் சாப்பிட்ட மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரக்குமாம். முதல் வாரத்தில் பரிசோதனையே வேண்டாம், மாத்திரை போதும் என்று தோன்றிவிட்டது. மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அமிலத்தைச் சமன்படுத்தும் சாதாரண ஆன்டாசிட் திரவத்தைத் தேவைப்படும்போது குடிக்கலாம் என்றார். அமிலத்தைக் குறைக்கும் இன்னொரு வகையான ஃபேமோடிடின் மாத்திரையும் தந்து, பரிசோதனைக்கு எத்தனை நாள் முன்பு அதையும் விட வேண்டும் என்று குறித்துக் கொடுத்தார். தலையணையை உயர்த்தி, இரவு உணவை முன்கூட்டியே முடித்துக்கொண்டேன். எப்படியோ கடந்துவிட்டேன்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் வயிற்று மாத்திரையைத் தாங்களாக நிறுத்தவே கூடாது. அவர்களுக்கு அந்த மாத்திரை ரத்தக்கசிவைத் தடுக்கும் காவல். என் அண்ணனுக்கு இரண்டு துறை மருத்துவர்களும் பேசி முடிவெடுத்த பிறகுதான் பரிசோதனைக்கு நாள் குறித்தார்கள்.

ஆய்வகப் பணியாளர்

இந்தப் பரிசோதனையை அன்றாடம் செய்பவன் என்ற முறையில் சில விஷயங்கள் சொல்கிறேன். வெண்பனி சொன்ன கேள்வியை எங்கள் ஆய்வகத்தில் பதிவுத் தாளிலேயே அச்சிட்டு வைத்திருக்கிறோம். கேட்டால் பலர், “நான் எந்த மருந்தும் சாப்பிடுவதில்லை” என்பார்கள். நெஞ்செரிச்சலுக்கு எதுவும் போடுவதில்லையா என்று மறுபடியும் கேட்டால், “அது போடுவேன், அது மருந்தா?” என்பார்கள். கடையில் நேரடியாக வாங்குகிற மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. தயவுசெய்து மாத்திரை அட்டையையே கையில் கொண்டு வாருங்கள்.

ஊதுவதிலும் முறை உண்டு. மூச்சை நன்றாக இழுத்து, சில நொடி அடக்கி, பிறகு சீராக விட வேண்டும். நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் காற்றே எங்களுக்குத் தேவை. வாயில் இருக்கும் காற்று உதவாது. கரைசலை உறிஞ்சுகுழல் வழியாகக் குடிக்கச் சொன்னால் அதற்கும் காரணம் இருக்கிறது. யூரியாவை உடைக்கும் வேறு கிருமிகள் வாயிலேயே உண்டு. மாத்திரை வடிவில் கொடுத்தால் மெல்லாமல் விழுங்கச் சொல்வதும் இதற்காகவே.

சில இடங்களில் கார்பன்-14 பயன்படுத்துகிறார்கள். அது கதிரியக்கம் உடையது. பெரியவர்களுக்குத் தரும் அளவு மிகமிகக் குறைவு; பெரும்பகுதி சில நாட்களில் மூச்சிலும் சிறுநீரிலும் வெளியேறிவிடும். ஆனாலும் கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைத் தவிர்க்கிறோம். கார்பன்-13இல் கதிரியக்கமே கிடையாது. எந்த வகை என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கேளுங்கள்.

முடிவு எல்லைக்கோட்டை ஒட்டி வந்தால் கலங்க வேண்டாம். எல்லை எண் ஒவ்வொரு கருவிக்கும் மாறும். நண்பரின் அறிக்கையோடு ஒப்பிடாமல், உங்கள் அறிக்கையில் அச்சிட்ட எல்லையைப் பாருங்கள். தேவைப்பட்டால் மருத்துவர் மறுபடியும் எடுக்கச் சொல்வார்.

தென்றல்

என் அப்பாவுக்கு இரைப்பையில் ஒரு பகுதியை முன்பே அறுவை சிகிச்சையில் நீக்கியிருக்கிறார்கள். அவரைப் போன்றவர்களுக்கு மூச்சுப் பரிசோதனையை முழுதாக நம்ப முடியாது என்று சொல்லி, மருத்துவர் மலத்தில் ஆன்டிஜென் (கிருமியின் புரதம்) பார்க்கச் சொன்னார். அப்பா கூச்சப்பட்டார். “இந்த வயதில் இதையெல்லாம் மகள் கையில் கொடுப்பதா” என்று குப்பியைத் தொடவே இல்லை. நான் வற்புறுத்தவில்லை. அவரே குப்பியை மூடி, கவரில் போட்டு, நேரே ஆய்வகத்தில் கொடுத்துவிட்டு வரட்டும், யாரும் பார்க்கப் போவதில்லை என்று சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார். முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் இந்தக் கூச்சத்தைக் கொஞ்சம் மதித்தால் வேலை எளிதாக முடிகிறது.

கழிப்பறைத் தண்ணீரோ சிறுநீரோ கலக்காமல் எடுக்க வேண்டும். தண்ணீர் போலப் போகும் நாளில் எடுத்தால் முடிவின் துல்லியம் குறையும் என்றார்கள். உடனே கொடுக்க முடியாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் வைக்கச் சொன்னார்கள். வயிற்று மாத்திரையை நிறுத்தும் விதி இதற்கும் அப்படியே பொருந்தும். மலப் பரிசோதனை என்பதால் அது தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள்.

கடலோரம்

ரத்தப் பரிசோதனை பற்றி யாரும் எழுதவில்லையே. எனக்கு அதனால்தான் குழப்பம் வந்தது. சிகிச்சை முடிந்து நன்றாக இருந்தேன். வருடாந்திர உடல் பரிசோதனையில் எச். பைலோரி ஐஜிஜி என்று ஒரு வரி, அதற்கு நேரே பாசிட்டிவ். மறுபடியும் கிருமி வந்துவிட்டது என்று வீடே பதறியது. இன்னொரு சுற்று ஆன்டிபயாடிக் எழுதியும் கொடுத்துவிட்டார்கள். தொடங்குவதற்கு முன் எனக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரிடம் காட்டினேன். “ரத்தத்தில் பார்ப்பது கிருமியை அல்ல, கிருமியை எதிர்த்து உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளை. கிருமி ஒழிந்த பிறகும் அது மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் இருக்கும்” என்றார். மூச்சுப் பரிசோதனை செய்தோம், கிருமி இல்லை. தேவையில்லாமல் இரண்டு வாரம் அத்தனை மாத்திரைகளை விழுங்க இருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. குணமானதா என்று அறிய ரத்தப் பரிசோதனை பயன்படாது. இதை எல்லோருக்கும் சொல்லுங்கள்.

பழைய வாசகர்

ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியன் நான். 1980களின் தொடக்கம் வரை அமிலம் நிறைந்த இரைப்பையில் கிருமி வாழாது என்றே பெரும்பாலோர் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற மருத்துவர் இரைப்பைத் திசுக்களில் வளைந்த கிருமிகளைத் தொடர்ந்து கண்டார். பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்தார். 1982இல் ஈஸ்டர் விடுமுறையால் வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தைவிட அதிக நாள் அடைகாப்பானில் இருந்துவிட, அப்போதுதான் கிருமி வளர்ந்து தெரிந்தது. அந்தக் கிருமியால் நோய் வரும் என்று காட்ட, 1984இல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். தம் இரைப்பை அழற்சியை மெய்ப்பிக்க அவருக்கே எண்டோஸ்கோபி செய்து, அதாவது தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, திசு எடுக்க வேண்டியிருந்தது. வேறு வழி அன்று இல்லை. 1987இல் டேவிட் கிரகாமும் அவருடைய குழுவினரும் கார்பன்-13 மூச்சுப் பரிசோதனையை வெளியிட்டார்கள். வாரனுக்கும் மார்ஷலுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. நான் பையில் ஊதிய அன்று இவர்களை எல்லாம் நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

மலையருவி

ஒரு எச்சரிக்கை. எனக்கு மலம் தார் போலக் கருத்துப் போனது, ரத்தசோகை வேறு. முதலில் மூச்சுப் பரிசோதனை மட்டும் செய்து பார்க்கலாமே என்று கேட்டேன். மருத்துவர் அன்றே எண்டோஸ்கோபிக்கு அனுப்பினார். அல்சரிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ரத்தக்கசிவு இருக்கும்போது எடுக்கும் கிருமிப் பரிசோதனை பொய்யாக ‘இல்லை’ என்று காட்டும் வாய்ப்பு கூடுதல் என்றார். எனக்கும் அன்று எடுத்த திசுவில் கிருமி தெரியவில்லை. கசிவு நின்று சில வாரங்கள் ஆன பிறகு ஊதியதில் தெரிந்தது.

காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கும்போது அடைப்பது, ஓயாத வாந்தி, கருத்த மலம், ரத்தசோகை, நடுத்தர வயதைக் கடந்த பிறகு புதிதாகத் தொடங்கும் வயிற்றுத் தொல்லை, இவற்றில் எது இருந்தாலும் ஊதிப் பார்த்து நேரம் கடத்தாதீர்கள். இந்தக் கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே சேர்த்துவிட்டது. தொற்று உள்ளவர்களில் மிகச் சிலருக்கே புற்றுநோய் வருகிறது. ஆனாலும் அந்த அறிகுறிகள் இருந்தால் எண்டோஸ்கோபியில் உள்ளே கண்ணால் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

(சிகிச்சையில் பிஸ்மத் சாப்பிடும்போதும் மலமும் நாக்கும் கருக்கும். அது ரத்தம் அல்ல. ஆனாலும் சந்தேகம் வந்தால் கேட்டுவிடுங்கள்.)

சிறகு

எங்கள் மகளுக்கு அடிக்கடி வயிற்று வலி. மூச்சுப் பரிசோதனை செய்யுங்கள் என்று நாங்கள்தான் கேட்டோம். குழந்தைகளின் வலிக்குப் பெரும்பாலும் இந்தக் கிருமி காரணமாக இருப்பதில்லை, கிருமியைத் தேடுவதைவிட வலியின் காரணத்தைத் தேட வேண்டும் என்று குழந்தை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். பிறகு வேறு காரணங்களுக்காக எண்டோஸ்கோபி தேவைப்பட்டது, அதில் கிருமியும் அல்சரும் தெரிந்தன. மருந்து முடிந்த பின் குணமானதா என்று பார்க்க மலப் பரிசோதனை போதுமானதாக இருந்தது. மறுபடியும் அவளுக்குக் குழாய் விட வேண்டியதில்லை என்று கேட்டதும் என் மனைவி அழுதுவிட்டாள்.

நடைப்பயணி

வெண்பனி, மருந்து முடித்த பிறகு நீங்கள் மறுபடியும் ஊதினீர்களா? எனக்கு எரிச்சல் முழுதாக நின்றுவிட்டது. அதனால் தேவையில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

வெண்பனி

ஊதினேன், நீங்களும் கட்டாயம் ஊதுங்கள். எரிச்சல் நிற்பதும் கிருமி ஒழிவதும் ஒன்றல்ல. முதல் சுற்று மருந்துக்குப் பிறகு நானும் நலமாகவே உணர்ந்தேன், கிருமி மட்டும் அப்படியே இருந்தது. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகள் இப்போது மிகுதி என்று சொல்லி, பிஸ்மத்தோடு வேறு மருந்துகள் சேர்த்து 14 நாள் கொடுத்தார்கள். நாக்கில் உலோகச் சுவை, குமட்டல் எல்லாம் இருந்தன. ஒரு வேளைகூடத் தவறவிடாமல் முடித்தேன். அதன் பிறகு எடுத்த பரிசோதனையில்தான் கிருமி இல்லை என்று வந்தது.

கடைசி மாத்திரைக்குப் பிறகு குறைந்தது 4 வாரம் போக வேண்டும். ஒமிப்ரசோல் வகையை அதில் கடைசி 2 வாரமாவது தொடக்கூடாது. நாளைக் கணக்கிட்டு மருத்துவரிடம் இப்போதே பதிவு செய்துவிடுங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போது தள்ளிப்போடத் தோன்றும்.

நடைப்பயணி

பதிவு செய்துவிடுகிறேன். என் மனைவிக்கும் பார்க்க வேண்டுமா?

வெண்பனி

என் கணவருக்கும் பார்த்தோம், இல்லை என்று வந்தது. இது பெரும்பாலும் சிறு வயதில் குடும்பத்துக்குள் தொற்றும் கிருமி. வயிற்றுத் தொல்லை இருந்தாலோ, பெற்றோர், உடன்பிறந்தவர்களில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தாலோ கட்டாயம் கேளுங்கள். உங்கள் மனைவியும் நெஞ்செரிச்சலுக்கு ஏதாவது சாப்பிடுகிறாரா என்று முதலில் பாருங்கள். சாப்பிட்டால் அந்த அட்டையை மருத்துவரிடம் காட்டி, எப்போது நிறுத்துவது என்று எழுதி வாங்கிய பிறகு பரிசோதனைக்கு நாள் குறியுங்கள்.