புதுப்பிப்பு: புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி, தரம் 6 அனுமதி – பாடசாலை கிடைத்துவிட்டது

வழி சொன்ன அக்காமார், அண்ணன்மார் எல்லாருக்கும் நன்றி. புதிதாக வாசிப்பவர்களுக்கு: இலங்கையின் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் மகள் நுவரெலியா மாவட்டத்தின் தமிழ்மொழி வெட்டுப்புள்ளியை (தகுதிக்கு வேண்டிய குறைந்தபட்சப் புள்ளி) தாண்டியும் விண்ணப்பித்த கண்டிப் பாடசாலை கிடைக்கவில்லை, இனி என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன்.

பலித்தது, "ரெண்டு வெட்டுப்புள்ளியையும் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று ஓர் ஆசிரியர் சொன்ன வழிதான். மாவட்ட வெட்டுப்புள்ளி உதவிப்பணத்துக்கு. பாடசாலை வெட்டுப்புள்ளி வேறு. ஒவ்வொரு பாடசாலைக்கும், ஒவ்வொரு மொழிமூலத்துக்கும் தனித்தனி. கேட்கும் பிள்ளைகள் கூடக்கூட அது ஏறும். ஆகவே கண்டியை விட்டுவிட்டு, மகளின் புள்ளிக்கு எட்டக்கூடிய ஹட்டன் பக்கப் பாடசாலையை மேன்முறையீட்டில் முதலாவதாகப் போட்டோம். கிடைத்தது. விடுதிச் செலவும் மிச்சம். விடைத்தாள் மீள் ஆய்வுக்குப் போகவில்லை, மகளின் புள்ளிக்கும் கண்டிப் பாடசாலையின் வெட்டுப்புள்ளிக்கும் இடைவெளி பெரிது.

எதிர்பாராதது உதவிப்பண விஷயம். புள்ளி இருந்தால் மட்டும் போதாது, குடும்ப வருமானமும் பார்ப்பார்கள். அதை உறுதிப்படுத்தப் போனால், மனைவியின் முதலெழுத்து செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவேடு) ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று. கிராம உத்தியோகத்தர் பேனையை மூடி வைத்துவிட்டு, "தோட்டத்து ஆபீஸ்ல கடிதம் எடுத்துட்டு வாங்க" என்றார். பெரிய கிளாக்கர் லீவு. அது ஒரு தனி அலைச்சல்.

பரீட்சையின் நுண்ணறிவு வினாப்பத்திரத்தில் 40 கேள்வி, மற்ற வினாப்பத்திரத்தில் 60. பத்து வயதுப் பிள்ளையின் கெட்டித்தனத்தை இதை வைத்து அளப்பது எனக்கு இன்னும் ஒப்பவில்லை. அடுத்த வருஷம் எழுதுகிற பிள்ளைகளின் வீட்டார் பெயர், முதலெழுத்தை இப்போதே சரிபார்த்து வையுங்கள்.