சுடுதண்ணி சிலிண்டர்ல தண்ணியைச் சூடாக்குற காயில் மாத்தப் போய் மாட்டிக்கிட்டவங்க இருக்கீங்களா?

ஈரக்கை:
செப்பு சிலிண்டர், மூணு கிலோவாட் இம்மர்ஷன் காயில். மெயினை ஆஃப் பண்ணி, தண்ணியை மொத்தமா வடிச்சுட்டு, பெரிய பாக்ஸ் ஸ்பேனரைப் போட்டு முழு பலத்தோட திருப்பினேன். காயில் அசையலை. அதைச் சுத்தியிருந்த செப்புத் தகடுதான் புடவைக் கொசுவம் மாதிரி மடிஞ்சு மடிஞ்சு வந்துச்சு. நடுவுல பொடி ஓட்டை. சிலிண்டரே போச்சு. அந்த மடிப்பு இன்னும் கண்ணுலயே நிக்குது.

பழைய_ஸ்பேனர்:
வடிச்சது தப்பு. எனக்கும் ஒருதடவை தகடு லேசா நெளிஞ்சுது, தப்பிச்சேன். தண்ணி நிறைஞ்சிருந்தா சிலிண்டர் விறைப்பா நிக்கும். கரண்டை மட்டும் நிறுத்திட்டு, அந்த நிலையிலேயே கால் சுத்து லூஸ் பண்ணணும். அப்புறம் உள்ளே வர்ற தண்ணியை அடைச்சு வடிக்கணும். வாஷர் புதுசு போடுங்க. புது காயிலைப் பூட்டறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர்ல பாருங்க: 230 வோல்ட், மூணு கிலோவாட்னா சுமார் 17.6 ஓம் வரணும். 13 ஆம்பியர் இழுக்கும், அதைத் தாங்குற ஒயர் வேணும். தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில வைங்க. ரொம்பக் குறைச்சா லெஜியோனெல்லா கிருமி வளரும்.

டப்புன்னு:
நான் எல்லாம் சரியாப் பூட்டினேன். தண்ணி நிரம்பறதுக்குள்ள அவசரப்பட்டு சுவிட்சைத் தட்டிட்டேன். உள்ளே 'டப்'. புது காயிலோட ஆயுசு அவ்வளவுதான். சுடுதண்ணிக் குழாயைத் திறந்து, காத்து போய் தண்ணி சீரா விழற வரைக்கும் காத்திருக்கணும்னு அப்புறம்தான் உறைச்சுது.

எர்த்_பாத்தியா:
ஸ்பேனர்காரரே, ஓம் பாத்தா போதுமா? என் பழைய காயில் ஓம் சரியாத்தான் காட்டுச்சு. ஆனா சுவிட்ச் போட்ட நொடியே ட்ரிப். கழட்டிப் பாத்தா காயிலோட உறைக் குழாய் மேல தலைமுடி அளவு விரிசல், உள்ளே இருக்குற வெள்ளைப் பொடி ஈரமா பிசுபிசுன்னு. காயிலுக்கும் எர்த்துக்கும் நடுவுல மெக்கர் (கரண்ட் கசியுதான்னு அதிக வோல்ட் கொடுத்துப் பாக்குற மீட்டர்) வெச்சு பாக்கணும், மல்டிமீட்டர் அந்தக் கசிவைச் சில சமயம் காட்டாது.

பழைய_ஸ்பேனர்:
நான் புது காயிலைப் பத்தித்தானே சொன்னேன்! பழசு ட்ரிப் ஆனா அதை எதுக்கு அளக்கணும், தூக்கிப் போட வேண்டியதுதானே.

ஈரக்கை:
நீங்க சண்டை போடுங்க. நிரப்பி வெச்சே லூஸ் பண்ணணும்னு அந்த ஸ்பேனர் அட்டை மேலயே எழுதியிருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி தரையைத் துடைக்கும்போதுதான் படிச்சேன்.