எங்கட வீடுகளில, கடைகளில வேலைக்கு நிக்கிற வெளியூர்ப் பிள்ளையள்: உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ

கொக்குவில் வாசி:

கொஞ்ச நாளா மனசைக் கிடந்து அரிக்கிற விசயம். எழுதினால் என்னைத்தான் ஏசுவியள். ஏசுங்கோ.

என்ர மச்சான் பரிஸில இருக்கிறார். போன வருசம் இங்க யாழ்ப்பாணத்தில, ஊரில வீடு கட்டத் தொடங்கினார். மேல்மாடி, போர்ட்டிக்கோ, கேற்றுக்கு ரெண்டு பக்கமும் சிங்கம், ஒண்டும் குறையில்லை. இங்க நிண்டு பாக்கிறது நான். கொந்தராத்துக்காரர் தெரிஞ்ச ஆள், மேசன்மார் உள்ளூர். முட்டாள் வேலைக்கு (மேசனுக்குக் கையாளா நிக்கிறவனுக்கு எங்கட பக்கம் அப்பிடித்தான் சொல்லுறது, சொல்லேக்க ஒருத்தருக்கும் ஒண்டும் தோன்றுறதில்லை) மலையகத்திலயிருந்து, அட்டன் பக்கத்துப் பெடியள் நாலு பேர் வந்தாங்கள்.

அதில ஒருத்தனுக்கு இருபது வயசிருக்கும். எல்லாரும் "சின்னவன்" எண்டுதான் கூப்பிட்டினம். அரைகுறையாக் கட்டின வீட்டுக்குள்ளதான் படுக்கை, வெறும் சீமெந்துப் பையை விரிச்சு. காலமை நான் போகேக்க கிணத்தடியில பல்லுத் தீட்டிக்கொண்டு நிண்டு "குட்மோனிங் சேர்" எண்டுவான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பத்தரை மணி இருக்கும். மேல்மாடிப் பூச்சுக்குக் கட்டின சாரத்தில ஒரு கம்பு வழுக, சாந்துச் சட்டியோட கீழ வந்தான். இடுப்பெலும்பும் வலக்காலும். ஓட்டோவில ஏத்திப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினது நானும் ஒரு மேசனும். அங்க துண்டு எழுதேக்க பேர் கேட்டினம். நான் மேசனைப் பாக்கிறன், மேசன் என்னைப் பாக்கிறார். நாலு மாசம் எங்கட வளவுக்குள்ள கிடந்தவன்ர பேர் எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியாது.

கொந்தராத்துக்காரரைக் கேட்டன். "அண்ணை, ஆளைக் கொண்டுவந்து விட்டது ஒரு சப் கொந்தராத்துக்காரன். நான் அவனோடதான் கதைக்கிறது" எண்டார். சப் போனை நிப்பாட்டிப் போட்டான். மச்சானுக்கு எடுத்தன். "ஐயோ பாவம், பாத்துச் செய்யுங்கோ. ஆனா குடிபூரலுக்கு நாள் வைச்சாச்சு" எண்டார். அவர் கல்நெஞ்சுக்காரன் இல்லை. எங்கட அம்மாவின்ர கண் ஒப்பரேசனுக்குக் காசு அனுப்பினது அவர்தான்.

இதே மச்சான் தொண்ணூறுகளில விசா இல்லாம ஏழு வருசம் கோப்பை கழுவினவர். ஊருக்கு வந்தால் அந்தக் கதையை விடிய விடியச் சொல்லுவார். அவர் பட்டதும் இவன் பட்டதும் ஒண்டா, வேறயா? எனக்குப் பிடிபடேல்லை. உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கோ. வேலை செய்த பக்கம் நிண்டவையும் சொல்லலாம், வேலை வாங்கின பக்கம் நிண்டவையும் சொல்லலாம்.

லா சப்பல் கிழவன்:

தம்பி, உங்கட மச்சானை எனக்குத் தெரியாது. அவர் கழுவின கோப்பையைத் தெரியும்.

நான் 1991இல பரிஸுக்கு வந்தனான். அகதிக் கேஸை நிராகரிச்சுப் போட்டாங்கள். வேலைக்கு விசா வேணும். எங்கட ஊர்க்காரர் ஒருத்தர் தன்ர விசா அட்டையைத் தந்தார். அவற்ற பேரில வேலை, சம்பளமும் அவற்ற வங்கிக்கு. மாசக் கடைசியில கால்வாசியை எடுத்துப்போட்டு மிச்சத்தை என்ர கையில வைப்பார். அந்தப் படத்தில இருக்கிற ஆள் நான் இல்லை எண்டு முதலாளிக்கும் நல்லாத் தெரியும். தெரிஞ்சபடியாத்தான் பன்னிரண்டு மணித்தியாலம் நிக்க வைச்சவன். அஞ்சு வருசம் நான் வேற பேரிலதான் சீவிச்சனான். இப்பவும் ரோட்டில ஆரும் அந்தப் பேரைக் கூப்பிட்டால் திரும்பிப் பாக்கிறன்.

சொல்ல வந்தது வேறொண்டு. 2008 ஏப்ரலில, பரிஸ் றெஸ்ரோறன்ருகளில விசா இல்லாம வேலை செய்த ஆக்கள் சி.ஜி.ரி. எண்ட தொழிற்சங்கத்தோட சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தவை. வேலையிடத்திலயே குந்திக்கொண்டவை. மாலி நாட்டுக்காரர் கனபேர். எனக்கு அப்ப விசா கிடைச்சிட்டுது. எங்கட குசினியில என்னோட கோப்பை கழுவின மாலிப் பெடியன் "நீயும் வந்து நில்" எண்டு கேட்டான். நான் போகேல்லை. வயித்துக்குத்து எண்டு சொல்லி வீட்டில படுத்திட்டன்.

2012 நவம்பரில, வால்ஸ் பிரான்ஸின்ர உள்துறை அமைச்சரா இருக்கேக்க, ஒரு சுற்றறிக்கை வந்தது. அஞ்சு வருசம் இருந்ததையும் சம்பளச் சிட்டையையும் காட்டினால் விசா கேட்கலாம் எண்டு. அது வானத்தால விழேல்லை, அப்பிடிக் குந்தி இருந்தவையால வந்தது. அதில விசா எடுத்த எங்கட பெடியளை எனக்குத் தெரியும். அந்தப் பெடியள் மாலிக்காரரைக் கூப்பிடுற சொல்லை இதில எழுத ஏலாது.

கம்பி சீமெந்து:

நானும் கொந்தராத்துதான் செய்யிறன், அதால எழுதிறன். கடைசியில எங்களைத்தான் கள்ளர் எண்டுவியள். சதுர அடிக்கு நான் சொன்ன விலையை வட்சப்பில நாலு பேருக்கு அனுப்பி, ஆகக் குறைச்சவனுக்குக் குடுக்கிறியள். குறைச்சவன் எங்க குறைப்பான்? கம்பி குறையாது, சீமெந்து குறையாது. சாரத்துக் கம்பும் ஆள்கூலியும்தான் குறையும். விழாமல் இருக்க பெல்ற் போட்ட ஆள் வேணும், அதுக்குக் காசு கூடத் தாறன் எண்டு இந்த இருபது வருசத்தில ஒரு வீட்டுக்காரர் என்னட்டை கேட்டதில்லை.

கொக்குவில் வாசி:

நானும் கேட்கேல்லை. நாலு பேருக்கு அனுப்பினதும் நான்தான்.

கொழுந்துக் கூடை:

வணக்கம். நான் மலையகத்துல பொகவந்தலாவ பக்கம். யாழ்ப்பாணம் வந்து ஆறு வருஷம் ஆச்சு, டவுன்ல ஒரு துணிக்கடையில நிக்கிறேன். "நிக்கிறேன்"னு சும்மா சொல்லல. காலைல எட்டரைல இருந்து ராத்திரி எட்டு மணி வரைக்கும் நிக்கணும். ஆள் வராட்டியும் உட்கார ஏலாது, ஸ்டூலே கிடையாது. தமிழ்நாட்டுல 2021ல, கடையில வேலை செய்றவங்களுக்கு உட்கார இடம் குடுக்கணும்னு சட்டத்தையே திருத்தினாங்க. எங்க முதலாளி சாரி எல்லாம் அங்கேருந்துதான் எடுக்கிறாரு. சாரி வந்துருச்சு, சட்டம் இன்னும் வரல.

கொக்குவில் அண்ணன் எழுதுனத வாசிச்சப்ப எங்க தேயிலைத் தோட்டம் ஞாபகம் வந்துச்சு. அங்க ஒரு நாள் சம்பளத்த "பேரு"ன்னு சொல்லுவாங்க. சொன்ன கிலோவுக்குக் கொழுந்து குறைஞ்சா அரைப்பேரு. 2021ல நாள் சம்பளம் 1000 ரூபான்னு ஆக்குனப்ப லயத்துல பட்டாசு போட்டோம். அப்புறம் கிலோவ ஏத்திட்டாங்க. எங்கம்மாவுக்கு பாதி நாள் அரைப்பேருதான். அதனாலதான் நான் இங்க வந்தேன். கொழும்புன்னா பயம், யாழ்ப்பாணம்னா நம்ம பாஷை பேசுற ஊருன்னு அப்பா சொன்னாரு.

அது பொய்யும் இல்ல. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப முதலாளி வீட்டம்மா ரசம் வச்சு அனுப்புனாங்க. பொங்கலுக்குச் சட்டை எடுத்துக் குடுத்தாங்க. ஒரு தடவை ஈபிஎப் (சேமலாப நிதி) பத்திக் கேட்டேன். "நீ எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி. பிள்ளைக்கு என்ன ஈபிஎப்?"னாங்க. கோவம் வந்தா மட்டும் வீட்டுப் பிள்ளை தோட்டக்காட்டான் ஆயிருவான்.

மலாயன் பென்ஷனியர் பேரன்:

எங்கட அம்மப்பா மலாயாவில றப்பர் தோட்டத்துக் கிராணி, அதாவது கிளாக்கர். சுவரில இப்பவும் படம் தொங்குது, வெள்ளைக் காற்சட்டையும் தொப்பியுமா. மானிப்பாயில இருக்கிற கல்வீடு அந்தக் காசிலதான் எழும்பினது. வெள்ளைக்காரத் துரைக்கும் தமிழ்நாட்டிலயிருந்து வந்த பால்வெட்டுக்காரருக்கும் நடுவில, இங்கிலீசு படிச்ச யாழ்ப்பாணத்தான். ஆரார் வேலைக்கு வந்தது எண்டு செக்றோலில பேர் எழுதிறதுதான் அவற்ற உத்தியோகம்.

1942இல யப்பான்காரன் வந்திட்டான். சயாமிலயிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீற்றர் ரயில் பாதை போட ஆள் வேணும். தோட்டம் தோட்டமாத் தமிழ்ச் சனத்தை அள்ளிக்கொண்டு போனாங்கள். காட்டுக்குள்ள வாந்திபேதியிலயும் பட்டினியிலயும் பல்லாயிரம் பேர் முடிஞ்சு போச்சினம். அம்மப்பாவின்ர தோட்டத்தில ஆள் எடுக்க வந்தவன், முதல்ல அந்தச் செக்றோலைத்தான் கேட்டவனாம். பிறகு பட்டியல் எழுதச் சொன்னானாம். கடைசிக் காலத்தில மனுசன் அடிக்கடி சொல்லும், "கூட்டிக்கொண்டு போனது அவங்கள், பேர் எழுதினது நான்" எண்டு. "எழுதாட்டி என்ர தலை போயிருக்கும்" எண்டும் சொல்லும். ரெண்டும் உண்மைதான்.

இன்னொண்டு. 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு எங்கட வீட்டில மலையகப் பிள்ளை ஒண்டு வேலைக்கு நிண்டது. பத்து வயசுகூட இராது. குசினிக்குப் பின்னால சாப்பாடு, தனிக் கோப்பை. என்ர சித்திக்கும் அந்தப் பிள்ளைக்கும் ஒரே பேர். அது சரிவராது எண்டு அம்மம்மா பிள்ளையின்ர பேரை மாத்திப்போட்டா. 1948இல தோட்டத்துச் சனத்தின்ர குடியுரிமையைப் பறிச்ச சட்டத்தையும், அது கிளப்பின சண்டையில செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸை விட்டு வந்து 1949இல தமிழரசுக் கட்சி தொடங்கினதையும் எங்கட வீட்டு ஆம்பிளையள் விறாந்தையில இருந்து மணிக்கணக்காக் கதைப்பினம். தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கிறது அந்தப் பிள்ளைதான்.

குவைத் போய் வந்தவள்:

எனக்கு எழுதப் பழக்கமில்லை, பிழை இருந்தால் குறை நினையாதேங்கோ. 2009இல அவர் இல்லாமல் போனார். ரெண்டு பிள்ளையள். 2011இல குவைத்துக்குப் போனனான். ஏஜென்சிக்காரன் என்னட்டைக் காசு கேட்கேல்லை, தான்தான் எனக்குக் காசு தந்தான். நான் அதை அதிர்ஷ்டம் எண்டு நினைச்சன். அங்க போனாப் பிறகு மடம் (வீட்டுக்கார அம்மா) சொன்னா, "உன்னைக் காசு குடுத்து எடுத்தனான்" எண்டு. பாஸ்போட் அவவின்ர அலுமாரிக்குள்ள. விடிய அஞ்சுக்கு எழும்பினால் இரவு பன்னிரண்டுக்குத்தான் படுக்கை. வெள்ளிக்கிழமை லீவு எண்டு பேப்பரில இருந்தது. வெள்ளிக்கிழமையிலதான் அவையின்ர சொந்தக்காரர் எல்லாரும் சாப்பிட வாறது. ஏழு மாசச் சம்பளம் இன்னும் அங்கதான் கிடக்கு.

அதை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். இனிச் சொல்லப்போறதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. திரும்பி வந்து ஒரு வருசத்தால அதே ஏஜென்சிக்காரன் வீட்டை வந்தான். ஒரு ஆளைப் பிடிச்சுத் தந்தால் 25 ஆயிரம் எண்டான். எங்கட ஒழுங்கையில புருசன் விட்டிட்டுப் போன பிள்ளை ஒண்டு இருந்தது. எல்லாம் தெரிஞ்ச நான்தான் கூட்டிக்கொண்டு போனன். "எனக்கு வாய்ச்ச மடம் சரியில்லை, எல்லாரும் அப்பிடி இல்லை" எண்டு வாய் கூசாமல் சொன்னனான். மூத்தவளுக்கு ரியூசன் காசு கட்டக் கிடந்தது. அந்தப் பிள்ளை உயிரோட வந்திட்டுது. என்னைக் கண்டால் அக்கா எண்டு சிரிச்சுக் கதைக்குது. அதைத்தான் தாங்கேலாமல் கிடக்கு.

ஓய்வுபெற்ற கந்தோர்:

தங்கச்சி எழுதியதை வாசித்துவிட்டு சிறிது நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன். 2013 ஜனவரியில் சவூதியில், அங்கே வீட்டு வேலைக்குப் போன மூதூர்ப் பிள்ளை றிசானா நபீக்கின் தலையை வெட்டினார்கள். நாடே சவூதியைத் திட்டியது. அந்தப் பிள்ளையின் வயதைக் கூட்டிப்போட்டுக் கடவுச்சீட்டு எடுத்தது சவூதியில் அல்ல, இங்கே.

நான் தொழில் திணைக்களத்தில் முப்பது வருடம் இருந்தவன். சட்டம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு என்பது 1934ஆம் ஆண்டுச் சட்டம், அதற்கென ஆணையாளர் இருக்கிறார். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958. முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம். தற்காலிக ஆள் என்றாலும் முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபா ஆனது, 2026 ஜனவரியில் 30,000 ரூபா ஆனது. துணிக்கடைத் தம்பிக்கு: 1954ஆம் ஆண்டுக் கடை, அலுவலகச் சட்டப்படி உங்கள் வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. வீட்டு வேலைக்கு நிற்பவர்களுக்குத்தான் சேமலாப நிதிகூட இல்லை. அவர்களுக்கென்று தனியாக இருப்பது 1871இல் வெள்ளைக்காரன் போட்ட பதிவுச் சட்டம். வேலைக்காரரிடமிருந்து வீட்டைக் காப்பாற்ற யோசித்து எழுதியது அது.

என் மேசைக்கு வந்த முறைப்பாடுகளில் மலையகப் பிள்ளைகளுடையதை விரல் விட்டு எண்ணலாம். முதலில் அவர்களுக்குத் தெரியாது என்று நினைத்தேன். ஒருநாள் ஒரு பெடியன் வாசல் வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பினான். கூப்பிட்டுக் கேட்டேன். "ஐயா, எழுதிக் குடுத்தா ராத்திரி எங்க படுக்கிறது?" என்றான். படுக்கை கடை மாடியில்.

கொக்குவில் தம்பி, சும்மா இருக்க வேண்டாம். அந்தப் பெடியன் வேலைக்கு வந்த நாட்கள் கொந்தராத்துக்காரரின் கணக்கில் கட்டாயம் இருக்கும். அதைப் படமெடுத்து வையுங்கள். பிறகு ஆளே வேலைக்கு வரவில்லை என்று நிற்பார்கள்.

கொக்குவில் வாசி:

ஐயா, நன்றி. பேரை ஆஸ்பத்திரியில அவனே சொன்னான், இதில போடேல்லை. தாய் அட்டனிலயிருந்து பஸ்ஸில வந்து மூண்டு நாள் நிண்டா. மச்சான் ஒரு லட்சம் அனுப்பினார். ரெண்டு கையாலயும் வாங்கி என்னைக் கும்பிட்டா. என்ர கண்ணை எங்க வைக்கிறதெண்டு தெரியேல்லை.

கணக்குக் கொப்பியைக் கேட்டன், கொந்தராத்துக்காரர் நனைஞ்சு போச்செண்டார். பிறகுதான் நினைவு வந்தது, சனிக்கிழமையில அவர் எழுதித் தாற கூலித்தாளை நான் சரிபாத்து, கையெழுத்து வைச்சு, படமெடுத்து பரிஸுக்கு அனுப்புறனான். போனில தேடி எடுத்தன். மேசன் ரெண்டு, முட்டாள் நாலு. செவ்வாய்க்கிழமைக்கு நேர மூண்டு பேருக்கு ஒண்டு, நாலாவது ஆளுக்கு அரை எண்டு கிடக்கு. பத்தரைக்கு விழுந்தவன்தானே. கூட்டுத்தொகையில பிழையில்லை, அப்பவே ரெண்டுதரம் கூட்டிப் பாத்திருக்கிறன். கீழ என்ர கையெழுத்து. அதுக்குக் கீழ மச்சான் அனுப்பின கட்டைவிரல்.