இடுக்கான இடத்திலிருந்து ரேடியேட்டர் ஃபேனை வெளியே எடுப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். என்னிடம் இருப்பது 2011 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். சேலம் ஐந்து ரோடு சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. ஓமலூர் ரோட்டில் வேகம் பிடித்தால் தானாக இறங்கிவிடுகிறது. ஏசி போட்டாலும் ஃபேன் சுற்றுவதில்லை. புது ஃபேன் வாங்கி வைத்துவிட்டு வீட்டிலேயே மாற்றலாம் என்று இறங்கினேன். மேலே இருந்த இரண்டு 10 எம்எம் போல்ட்டும் சுலபமாக வந்துவிட்டன. ஆனால் ஃபேன் நாலு விரல் அளவு மேலே வந்து அப்படியே நின்றுவிடுகிறது. பின்னால் மேனிஃபோல்டின் (என்ஜின் புகை வெளியேறும் சூடான குழாய்) தகடு, முன்னால் ரேடியேட்டர், நடுவில் கை நுழையவே இடமில்லை. ரேடியேட்டரையே இறக்கினால்தான் முடியுமா?

பதில்

கீழ்ப்பக்கமாக எடுத்துப் பாருங்கள் சார். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கவரைக் கழற்றினால் சில வண்டிகளில் ஃபேன் கீழே இறங்கிவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், கட்டாயம் ஸ்டாண்ட் போடுங்கள்.

பதில்

தம்பி, ரேடியேட்டரை இறக்க வேண்டாம். உங்கள் வண்டியில் கீழ்ப்பக்கமும் வேண்டாம். ஃபேன் நாலு விரல் மேலே வந்துவிட்டது என்றால் கீழே இருக்கும் காதுகள் பள்ளத்திலிருந்து ஏற்கெனவே விடுபட்டுவிட்டன. இப்போது மேலே ஏதோ ஒன்றுதான் தடுக்கிறது. அது என்ன என்று கண்டுபிடிக்கும்வரை இழுக்காதீர்கள். இந்த வேலையில் கெட்டுப்போவது எப்போதும் ஃபேன் இல்லை, ரேடியேட்டர்தான். அதன் அலுமினிய இதழ்கள் விரல் நகம் பட்டாலே மடங்கும். ஒரு அட்டைப்பெட்டியை வெட்டி ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவில் இப்போதே செருகி வையுங்கள்.

இன்னொன்று. வெளியே எடுப்பதற்கு முன்பு மோட்டார்தான் போயிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஃபேனைப் பழைய இடத்திலேயே உட்கார வைத்து, ஃபேன் ஒயரின் கப்ளரைக் (இணைப்பானை) கழற்றி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்ட இரண்டு ஒயரை நேராக மோட்டாருக்குக் கொடுங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது. ஃபியூஸ், ரிலே, டெம்பரேச்சர் சென்சார் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். சுற்றாமல் இருந்து, மோட்டாரின் முதுகில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டியதும் சுற்ற ஆரம்பித்தால், உள்ளே மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். தட்டும்போது கையும் ஒயரும் இறக்கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்து முடித்ததும் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள். சாவி அணைத்திருந்தாலும் சூட்டில் ஃபேன் தானாகச் சுற்றும் வண்டிகள் உண்டு.

அப்புறம் வழியைக் காலி செய்யுங்கள். ஏர் ஃபில்டருக்குப் போகும் பிளாஸ்டிக் குழாயை முதலில் எடுத்துவிடுங்கள். ஃபேன் கவரின் ஓரத்தில் கிளிப் போட்டு ஓடும் மெல்லிய ரிசர்வாயர் டியூபையும் ஒயரையும் விடுவியுங்கள். மிச்சம் ரேடியேட்டரின் மேல் ஹோஸ். உங்களைத் தடுப்பது பெரும்பாலும் இதுதான். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு கீழே இருக்கும் டிரெயின் திருகைத் தளர்த்தி, ஹோஸின் மட்டத்துக்குக் கீழே கூலன்ட் போகும்வரை ஒரு பேசினில் பிடியுங்கள். பேசினை அப்படியே தரையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், கூலன்ட் இனிக்கும், நாயும் குழந்தையும் வாயில் வைத்தால் ஆபத்து. கிளிப்பைப் பின்னுக்குத் தள்ளி, ஹோஸைப் பிடித்து இழுப்பதற்குப் பதில் இடமும் வலமும் திருகி, ஒட்டு விட்ட பிறகு உருவுங்கள். பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் மூக்கு மொறுமொறுவென்று இருக்கும், நெம்பினால் கையோடு வந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

அண்ணா, மிக்க நன்றி. தட்டினால் சுற்றுகிறது, விட்டால் நின்றுவிடுகிறது. கார்பன்தான். ஹோஸ், குழாய் எல்லாம் எடுத்துவிட்டேன். இப்போது பாதிக்கு மேல் வருகிறது, ஆனால் மோட்டாரின் முதுகு மேனிஃபோல்டுத் தகட்டில் முட்டுகிறது. தகட்டின் போல்ட் துருப்பிடித்திருக்கிறது. எண்ணெய் விட்டுக் கழற்றவா?

பதில்

தொடாதீர்கள் தம்பி. அந்தச் சின்ன போல்ட்டுகள் வருடக்கணக்காகச் சூட்டில் வெந்து கிடப்பவை. ஒன்று முறிந்தாலும் டிரில் போட வேண்டிய வேலையாகிவிடும்.

அதற்குப் பதில் ரேடியேட்டரின் மேல் பிராக்கெட் இரண்டையும் கழற்றுங்கள். ரேடியேட்டர் கீழே ரப்பர் புஷ்ஷில் உட்கார்ந்திருக்கிறது, மேல்பக்கம் மட்டும் கிரில் பக்கமாகச் சாயும். ஒரு விரல் இடம் கிடைத்தால் போதும். முன்னால் ஏசி கண்டென்சர் இருக்கும், அதன் அலுமினியக் குழாய் இழுபடாத அளவுக்குத்தான் சாய்க்க வேண்டும். சாய்த்ததும் ஃபேனை நேராகத் தூக்காமல், மோட்டார் முட்டாத மூலையை முதலில் மேலே கொண்டுவந்து, ஸ்டீயரிங் போலக் கொஞ்சம் திருப்பி எடுங்கள். வீட்டில் ஒருவரை அட்டையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

வந்துவிட்டது அண்ணா! அட்டையில் இரண்டு கோடு விழுந்திருக்கிறது, ரேடியேட்டரில் ஒன்றும் இல்லை. மாட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பதில்

மகிழ்ச்சி தம்பி. கீழ்க் காதுகள் இரண்டும் பள்ளத்தில் விழுந்ததை டார்ச் அடித்துப் பார்த்த பிறகே மேல் போல்ட்டை இறுக்குங்கள். ஒயரைப் பழைய கிளிப்பிலேயே மாட்டுங்கள், தொங்கினால் இறக்கை அறுத்துவிடும். ஃபேன் ஓடும்போது காற்று என்ஜின் பக்கம் வர வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதம் வைத்தால் அது உள்ளே இழுபட வேண்டும். தள்ளினால் ஒயர் மாறியிருக்கிறது.

குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். பாதிக்குப் பாதி கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து ஊற்றுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, என்ஜின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். சூடேறும்போது கொப்பளிக்கலாம், முகத்தை மேலே கொண்டுபோகாதீர்கள். குமிழ் நின்றதும் மூடிவிட்டு, ஃபேன் தானாகச் சுற்றி அணைவதைப் பாருங்கள். மறுநாள் காலை வண்டி எடுப்பதற்கு முன் மூடியைத் திறந்து மட்டம் பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும், ஊற்றி நிரப்புங்கள்.