ரேஸ்கோர்ஸில் தினமும் நடந்தும் 228

(குழு: கோவைச் சொந்தங்கள், இரவு 10:05)

பெரியப்பா: விடிந்ததும் ரேஸ்கோர்ஸில் இரண்டு சுற்று, ஐந்து கிலோமீட்டர். அப்படியும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை 228. மெஷினில்தான் ஏதோ கோளாறு.

பெரியம்மா: மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. நடந்து முடித்ததும் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் சாப்பிடுவது யாராம்?

பெரியப்பா: இதையெல்லாம் குழுவில் போடுவாயா?

தம்பி: 😂😂

செல்வி அக்கா: இரவு சாப்பிட்டதும் என்ன செய்தீர்கள் பெரியப்பா?

பெரியப்பா: நான்கு இட்லி. அப்புறம் ஈசி சேர், டி.வி.

செல்வி அக்கா: சர்க்கரை ஏறுகிற நேரம் பார்த்து உட்கார்ந்துவிடுகிறீர்கள். கால் தசை வேலை செய்தால் இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். காலையில் ஒரு சுற்று போதும். மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் நடக்க வேண்டும் என்ற கணக்கைத் தாராளமாகத் தாண்டிவிடும்.

அத்தை: சாப்பிட்ட உடனே நடந்தால் வயிற்றைப் பிடிக்காதா?

செல்வி அக்கா: வேகநடை வேண்டாம் அத்தை. பேசிக்கொண்டே நடக்கிற வேகம்தான்.

பெரியம்மா: போன வாரக் கதையை மறைக்கிறார் பார். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு நடக்கப் போய், கை நடுங்கி, சட்டையெல்லாம் வேர்த்து, பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்.

செல்வி அக்கா: என்ன மாத்திரை?

பெரியப்பா: கிளிமிபிரைடு, மெட்பார்மின்.

செல்வி அக்கா: கிளிமிபிரைடு சாப்பாட்டோடு போட வேண்டியது. வெறும் வயிற்றில் போட்டு நடந்தால் சர்க்கரையை 70க்குக் கீழே இறக்கிவிடும். நீங்களாக நிறுத்தாதீர்கள், நாளைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். சட்டைப்பையில் குளுக்கோஸ் பொடி இருக்கட்டும். நடுக்கம் வந்தால் மூன்று டீஸ்பூன் பொடியைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

பெரியப்பா: பொடிக்குப் பதில் பன் வைத்துக்கொள்ளலாமா?

செல்வி அக்கா: பன் சாப்பிட்டுச் சர்க்கரை ஏறுவதற்குள் மயங்கி விழுந்துவிடுவீர்கள். பொடிதான்.

பெரியப்பா: சரி, சரி.

(மறுநாள் இரவு 10:10)

பெரியப்பா: மொட்டை மாடியில் 15 நிமிடம் நடந்தேன். 181! அதே நான்கு இட்லி.

செல்வி அக்கா: அருமை பெரியப்பா. ஒரு நாளை வைத்துச் சொல்ல முடியாது. மூன்று மாதம் விடாமல் நடந்துவிட்டு எச்பிஏ1சி எடுப்போம், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அது.

பெரியம்மா: மூன்று இட்லிதான் வைத்தேன். டி.வி.யைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டதில் அவருக்குத் தெரியவில்லை.