போதையை விட்டும் தம்பியின் பற்கள் கெடுவது ஏன்?

கேள்வி (அக்கா):
தம்பி சில வருஷம் மெத்தாம்ஃபெட்டமைன் பழக்கத்தில் இருந்தான். இப்போது விட்டுவிட்டான். ஆனால் முன்பற்கள் ஈறோரமாகப் பழுப்பேறி, சில்லு சில்லாக உதிர்கின்றன. அதிலிருந்த ஆசிட்தான் அரித்தது என்கிறான். அப்படியென்றால் விட்டதும் நின்றிருக்க வேண்டாமா? பல் டாக்டரிடம் பழைய கதையைச் சொல்லவும் கூச்சப்படுகிறான்.

பதில் 1:
தினமும் மூன்று வேளை நன்றாக அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். சரியாகிவிடும்.

பதில் 2 (பல் மருத்துவர்):
அழுத்தித் தேய்த்தால் இருக்கிற எனாமலும் (பல்லின் கடினமான மேற்பூச்சு) போய்விடும், வேண்டாம்.

ஆசிட் கதையைப் பலர் சொல்வார்கள். நான் முதலில் பார்ப்பது வாய் வறட்சியைத்தான். அமிலத்தை முறிப்பதும், கரைந்த கால்சியத்தைப் பல்லுக்குத் திருப்பித் தருவதும் உமிழ்நீர். வாயின் பி.எச். (அமில அளவுகோல்; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். மெத் போட்டால் உமிழ்நீர் வற்றும். அந்தத் தாகத்துக்கு இனிப்புச் சோடாவை மணிக்கணக்கில் மடக்கு மடக்காகக் குடிப்பார்கள். பல்லை நறநறவென்று கடிப்பார்கள். பல் தேய்க்கும் நினைப்பே வராது. எல்லாம் சேர்ந்துதான் இந்த வேலையைச் செய்கிறது.

விட்ட பிறகும் சொத்தைக் குழிக்குள் கிருமிகள் இருக்கின்றன, பிரஷ் அங்கே எட்டாது. உதிர்ந்த எனாமல் மறுபடி வளரவும் வளராது.

டாக்டரிடம் கட்டாயம் சொல்லட்டும். மரத்துப்போகப் போடும் ஊசியில் பெரும்பாலும் அட்ரினலின் இருக்கும். எப்போதாவது மறுபடி மெத் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறலாம். கொக்கைனுக்கும் இதே கதைதான். எங்களுக்கு அவனுடைய பழைய பழக்கம் ஒரு மருத்துவத் தகவல், அவ்வளவுதான்.

பதில் 3:
நான் ஹெராயினை விட்டவன். அது பல்வலியையும் அமுக்கி வைத்திருந்தது. விட்டதும் எல்லாப் பல்லும் ஒன்றாக வலித்தது! தம்பிக்கு இது பொருந்தாது, படிக்கிற வேறு யாருக்காவது உதவட்டும்: ஹெராயின் மாதிரிப் பழக்கத்தை விடத் தரும் மருந்தான, நாக்கடியில் கரைக்கும் புப்ரெனார்ஃபினாலும் பல் கெடலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022-இல் எச்சரித்தது. மாத்திரை கரைந்ததும் தண்ணீரை வாயில் அலசி விழுங்கணும். பிரஷ் ஒரு மணி நேரம் கழித்துத்தான். ஆனால் அதற்குப் பயந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

அக்கா:
ஐயோ, சோடாவை இன்னும் விடவில்லை. ராத்திரி தலைமாட்டிலேயே பாட்டில் இருக்கும்.

பல் மருத்துவர்:
முதலில் அதை எடுத்துவிட்டுத் தண்ணீர் வையுங்கள். தூக்கத்தில் எல்லாருக்குமே உமிழ்நீர் குறைவு. படுக்கும் முன் ஃப்ளூரைடு பேஸ்டால் தேய்த்து, நுரையைத் துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம். ஃப்ளூரைடு அதிகமுள்ள 5000 பி.பி.எம். பேஸ்ட் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.