உட்கார ஸ்டூல் இல்லை, தியானத்துக்குப் பாய் இருக்கு

குடந்தைக்காரி: கும்பகோணத்தில் ஜவுளிக்கடை வேலை. இப்போ திங்கட்கிழமைதோறும் ஷட்டர் தூக்குறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் 'மைண்ட்ஃபுல்னெஸ்'. பாய் விரிச்சு, கண்ணை மூடி, மூச்சைக் கவனிக்கணும். முடிஞ்சதும் பாயைச் சுருட்டிடுவாங்க. அப்புறம் ராத்திரி ஒன்பதரை வரை நிக்கணும். கடைகளில் வேலை செய்றவங்களுக்கு இருக்கை தரணும்னு தமிழ்நாட்டில் 2021லேயே சட்டத்தைத் திருத்தியாச்சு. எங்க செக்‌ஷனில் ஒரு ஸ்டூல் இருக்கு. அது மேல பொம்மைக்குச் சேலை கட்டி நிறுத்தியிருக்காங்க. இந்தத் தியானத்தால் யாருக்கு என்ன லாபம்?

மன்னை மைந்தன்: கடை செய்றது தப்பு. அதுக்காகப் பயிற்சியைப் பழிக்காதீங்க. ஜான் கபட்-ஜின் என்ற அமெரிக்கர் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் இதை எட்டு வாரப் பயிற்சியாத் தொடங்கினதே, மருந்துக்கு அடங்காத நாள்பட்ட வலிக்காரங்களுக்காகத்தான். மன்னார்குடியில் வீட்டிலிருந்தே அமெரிக்க ஷிப்ட் பார்க்கிறவன் நான். லேப்டாப் முன்னாடி ராத்திரி முழுக்கப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்னு எனக்கே நாலாவது வாரம்தான் தெரிஞ்சது. அதுவரை தாடை வலிக்குப் பல் டாக்டரிடம் அலைஞ்சேன்.

ஐயாறு: வெள்ளைக்காரன் சொன்னாத்தான் மூச்சே விடுவீங்களா தம்பி? பௌத்தர்கள் பாலி மொழியில் 'சதி' (விழிப்புடன் கவனித்தல்) என்று சொன்னதைத்தான் ஆங்கிலத்தில் 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று பெயர்த்தார்கள். சோழர் காலத்திலேயே நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் இருந்தது. நம் திருமூலர் ஆவடுதுறையில் அரசமரத்தடியில் யோகத்தில் அமர்ந்தவர்.

குடந்தைக்காரி: ஐயா, சதின்னா எங்க கடையில அர்த்தமே வேற. திருமூலரையும் யாரோ உட்கார விட்டிருக்காங்க பாருங்க.

ஐயாறு: 😄 சரிதான் தாயி.

கடைமடையான்: பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பர் 16, கஜா புயல். விடிஞ்சு பார்த்தா தோப்பில் நிக்கிற தென்னையை விரல் விட்டு எண்ணலாம். அதுக்கப்புறம் லேசாக் காத்தடிச்சாலே நெஞ்சு படபடக்கும், எந்திரிச்சு வாசலுக்கு ஓடுவேன். டாக்டர் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். இழுக்கிறதைவிட விடுறதை நீளமா விடணும்னார். படபடப்பு அடங்குச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா கூட்டுறவுக் கடன் நோட்டீஸ் வந்த அன்னைக்கு எந்த மூச்சும் உதவலை. புதுக் கன்று பாளை விட்டு, முதல் வெட்டுக்கு ஆள் வந்த ராத்திரிதான் முழுசாத் தூங்கினேன்.

மன்னை மைந்தன்: அண்ணே, அதையேதான் நானும் சொல்றேன். படபடப்புக்கு மூச்சு, கடனுக்கு வேற வழி. குடந்தை அக்கா, ஸ்டூல் கேட்கவும் மனசில் தெம்பு வேணும்ல? அது இந்தப் பத்து நிமிஷத்தில் வரலாமே.

குடந்தைக்காரி: தெம்புக்குக் குறைச்சல் இல்லை தம்பி. காலையில் தளர்வா இருக்கிற கொலுசு, சாயங்காலம் ஆறு மணிக்குச் சதையில் பதிஞ்சு கிடக்கும். வீட்டுக்குப் போய் சோப்பு போட்டுத்தான் கழட்டுவேன். ஆடித் தள்ளுபடி மாசம் கொலுசே போடுறதில்லை. நீங்க வலியைக் கண்டுபிடிக்க நாலு வாரம் ஆச்சு. என் வலியை யாரும் கண்டுபிடிச்சுத் தர வேண்டாம், எனக்கே தெரியும்.

மன்னை மைந்தன்: இதுக்கு என்கிட்ட பதில் இல்லக்கா. ஆனா பாய் போடுற பத்து நிமிஷத்தையும் விட்டுடாதீங்க. அங்கேயே பேசுங்க.

குடந்தைக்காரி (அடுத்த திங்கள்): பேசினோம். பயிற்சி கொடுக்கிறவர் "உடம்பில் எங்கே கனமா இருக்குன்னு கவனிங்க" என்றார். பதினோரு பேரும் கண்ணை மூடினபடியே "கால்" என்றோம். அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

கடைமடையான்: ஸ்டூல்?

குடந்தைக்காரி: பொம்மையை இன்னும் இறக்கலை அண்ணே. அடுத்த திங்களும் பாய் உண்டு.